லாரிக்குள் இருந்தவர்களுக்குக் காற்றடித்த நாள்

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு மிட்டாய் கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, தெரு முழுக்கச் சர்க்கரைப் பாகு வாசனை அடிக்கும் ஒரு தொழிற்சாலையில்தான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். ஆனால் மிட்டாய் செய்யும் பக்கம் இல்லை. பாகு காய்ச்சிய அண்டாக்களைக் கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகிறதோ, அந்தப் பக்கம். கல்யாணமாகி மூன்றாம் மாதம், கல்மண்டபத்திலிருந்து என் மாமனார் ஆசையாகக் கம்பெனியைப் பார்க்க வந்தார். நான் கூட்டிப்போய்க் காட்டியது, பழுப்பு நிறத்தில் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"இதுல இன்னா மிட்டாய் செய்றீங்கோ மாப்ளே?" என்று கேட்டார்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் என்பது என் பதவி. அந்தத் தொட்டிக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்தன. கழிவுநீரில் கரைந்து வரும் சர்க்கரையையும் பாலையும் அவை தின்னும். தின்று கொழுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்புச் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் வழிந்து வெளியே போகும். அவற்றுக்கு மூச்சுவிட இரவும் பகலும் காற்று ஊதிக் கொடுக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். மாமனாரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ கிருமிக்குச் சோறு போடுற வேல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முப்பத்தோரு வருஷத்தில் இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இப்போது அங்கே தொட்டிக்குள் கருவிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எண்கள் நேராகக் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. போன மாதம் புது எஞ்சினியர்கள் இரண்டு பேர் போன் செய்து, "சார், அந்த லாரி விஷயம் நிஜமா?" என்று கேட்டார்கள். விசாரித்ததில், அந்த விஷயம் மூன்று விதமாக உலவுவது தெரிந்தது. ஒன்றில் எண்ணூரில் லாரி வெடித்துவிடுகிறது. இன்னொன்றில் என்னைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிடுகிறது. மூன்றாவதில் நான் வீரன். மூன்றும் தப்பு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் பம்ப் மெக்கானிக் படித்தவன். முதல் பத்து வருஷம் அந்த இடத்தை மோட்டாரும் குழாயுமாகத்தான் பார்த்தேன். மோட்டார் ஓடினால் வேலை நடக்கிறது, அவ்வளவே. பிறகு செல்வராணி மேடம் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். தூத்துக்குடிக்காரர். நுண்ணுயிரியல் படித்தவர். குடும்பம் தண்டையார்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்தது. எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். தொட்டியில் இருந்த நுண்ணுயிர்களையோ எப்போதும் மரியாதைப் பன்மையில்தான் சொல்வார்.

"அவிய இன்னைக்கு ஒழுங்கா சாப்பிட்டாவளா, தேசிங்கு?"

முதல் தடவை கேட்டபோது, விருந்தாளி யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் கேண்டீனுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

மேடத்துக்குக் காலை ஏழேகால் என்றால் ஏழேகால். தொட்டியில் மூன்று இடங்களில் மொண்ட தண்ணீரைக் கலந்து, ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். ஜாடியை ஆடாத மேசையில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் அந்த மேசையைத் தொடக்கூடாது. அந்த அரை மணியில் ஜி.எம். சாரே கையெழுத்துக்குக் காகிதம் அனுப்பினாலும், மேடம் அதைச் சுவரில் வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஜாடிக்குள் பழுப்புப் பஞ்சு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நின்று, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். அடுத்து, முகர்ந்து பார்க்க வேண்டும். மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. கடைசியாக மைக்ராஸ்கோப். நீளக் காம்பின் முனையில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல ஓர் உயிர், வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஆடும். ஏதாவது பட்டால் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருங்கிக்கொள்ளும். தொட்டி ஆரோக்கியமாக இருந்தால்தான் அது தலைகாட்டும். அதற்கு மேடம் வைத்த பெயர் மேஸ்திரி.

"மேஸ்திரி நிக்காருன்னா மத்தவிய வேல பாக்காவன்னு அர்த்தம்."

பொங்கலுக்குக் கம்பெனி மூடும்போது கழிவுநீர் வராது. தொட்டியில் இருப்பவர்கள் பட்டினி. அதனால் வெல்லம் வாங்கிக் கரைத்து ஊற்றுவோம். மண்டிக் குடும்பத்துப் பெண்ணில்லையா, மேடம் உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "மண்ணு கலந்துருக்கு, மாத்திக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்புவார். கொள்முதல் பிரிவில், எங்கள் பகுதி வருஷா வருஷம் திருட்டுத்தனமாகப் பொங்கல் வைக்கிறது என்றே கடைசி வரைக்கும் நம்பினார்கள்.

இனி அந்தச் சித்திரை மாதம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதே சமயத்தில் மேடத்தின் அண்ணன் மகளுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். நான்கு நாள் விடுப்பு. கம்பெனிக்குள் ஓடும் காவாய் எல்லாம் எங்கள் தொட்டியில்தான் வந்து விழும். அதனால் கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "காவாயில எவரு என்ன ஊத்தணும்னாலும், நான் வந்து கையெழுத்துப் போட்ட பொறவுதான். புரிஞ்சுதா?"

புரிந்தது. இரண்டு நாள் வரைக்கும் புரிந்தது. மூன்றாம் நாள், துப்புரவுப் பிரிவுச் சூப்பர்வைசர் கோவிந்தம்மாள் வந்து நின்றார்.

"அண்ணாத்தே, வெளிநாட்டுக்காரன் வரான், கம்பெனி கமகமன்னு இருக்கணும்னு ஜி.எம். சொல்டாரு. காவாய்ல பினாயில் ஊத்தணும். மேடம் ஊர்ல கீறாங்கோ. நீ சரின்னு சொன்னா ஊத்திர்றேன்."

அப்போது நான் பம்ப் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, நட்டு ஒன்றைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன். மேடத்துக்குப் போன் செய்திருக்கலாம். கல்யாண வீட்டில் தொந்தரவு எதற்கு என்று நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு நாளாவது நான் "சரி" என்று சொல்லி ஒரு காரியம் நடக்கட்டுமே என்ற ஆசைதான்.

"கொஞ்சமா ஊத்திக்கோ," என்றேன்.

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"நீயே பாத்துக்கோ."

கோவிந்தம்மாள் பார்த்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் என்றால் ஒரு கேன். அவருக்குக் கொஞ்சம் என்றால் ஸ்டோர் ரூமில் இருந்த அடுக்கில் ஓர் அடுக்கு. கூடவே பிளீச்சிங் பவுடர் மூட்டை. சாயங்காலம் கம்பெனியே ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. ஜி.எம். சார் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "இப்பதான் கம்பெனி மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் காலை தொட்டியில் காற்று எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மீட்டரை விட்டுப் பார்த்தேன். என் அனுபவத்தில் பார்க்காத உயரத்தில் நின்றது முள். எனக்கு ஒரே சந்தோஷம். அதைப் பதிவேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். ஜாடியில் மட்டும் ஒன்றும் படியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மேலிருந்து கீழ் வரை கலங்கலாகவே நின்றது. மெதுவாகப் படியும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதற்கு மறுநாள் மேடம் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மக்ரூன் பொட்டலங்கள் நிறைந்த பையோடு நேராகக் கம்பெனிக்கு வந்தார். கேட்டருகிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார். பையைச் செக்யூரிட்டி மேசையில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் தொட்டிக்கு வந்தார். தொட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என்ன ஆச்சு?"

"மழ பேஞ்சுது மேடம்," என்றேன்.

சித்திரை மாதம். தார் உருகும் வெயில். மேடம் வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி, நான் இரண்டு கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"காத்து இவ்வளவு மிச்சமா இருக்குன்னா என்ன அர்த்தம், தேசிங்கு?"

"நல்லா இருக்குன்னு…"

"மூச்சு விட ஆளில்லன்னு அர்த்தம்."

மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. மேஸ்திரிகள் காம்பிலிருந்து கழன்று அங்கங்கே கிடந்தார்கள். பத்து வருஷமாகத் தினம் பார்த்த முகங்கள். வாயெடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, மழை என்று சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

விஷயம் ஜி.எம். சாருக்குப் போனது. கழிவுநீரைப் பிடித்து வைக்கும் தொட்டியில் இரண்டு நாளுக்குத்தான் இடமிருந்தது. அதற்குள் சரியாகவில்லை என்றால் மிட்டாய் லைனை நிறுத்த வேண்டும். மிட்டாய்க்குக் காகிதம் சுற்றும் பெண்கள் எல்லோரும் தினக்கூலி. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஜி.எம். சார் எங்கள் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கினார்.

"பின்னாடி மழைநீர்க் கால்வாய்க்குப் போற வால்வு ஒண்ணு இருக்கில்ல? ரெண்டு நாளைக்கு லேசாத் திறந்து வச்சா…"

அந்தக் கால்வாய் கடலுக்குப் போகிறது. அது கடலில் சேரும் இடத்தில்தான் என் மச்சான் வலை போடுகிறான். மேடம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார்.

"திறக்கச் சொல்லி எழுதிக் குடுங்க சார். ஃபைல்ல வச்சுக்கிடுதேன்."

ஜி.எம். சார் பேனாவைப் பார்த்தார். "நான் சும்மா ஒரு யோசனையாத்தான் சொன்னேன்," என்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மிச்சம் ஒரே வழிதான். இறந்தவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர்களை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். மீஞ்சூர் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில், மேடத்தோடு படித்தவர் ஒருவர் எங்களுடையதைப் போன்ற ஒரு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு லாரி சேறு தருவதாக ஒப்புக்கொண்டார். மேடம் இங்கே கெட்ட தண்ணீரை, அதற்கென்றே காலியாக வைத்திருக்கும் அவசரத் தொட்டிக்கு இறைத்துவிட்டு, எங்கள் தொட்டியைக் கழுவித் தயார் செய்வதாக ஏற்பாடு. கழிவுநீர் லாரியோடு என்னை அனுப்பினார்.

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துரணும் தேசிங்கு. மூடுன டேங்குல காத்தில்லாம அதுக்கு மேல தாங்க மாட்டாவ."

பிஸ்கட் கம்பெனி கேட்டில் முதல் சோதனை. வெளியே போகும் எந்தப் பொருளுக்கும் சீட்டு வேண்டுமாம். செக்யூரிட்டி பேனாவை எடுத்துக்கொண்டார்.

"பொருள்?"

"பாக்டீரியா."

"எத்தனை?"

"எண்ண முடியாதுங்க."

"எண்ணாத சரக்கு கேட்டைத் தாண்டாது. சரி, 'ஒரு லாரி'ன்னு போட்டுக்கறேன். திருப்பித் தர சரக்கா, திருப்பித் தராத சரக்கா?"

நான் யோசித்தேன். "கேட்டா, பத்து நாள் கழிச்சு இதே மாதிரி ரெண்டு லாரி தரலாம். உயிரோட இருந்தா பெருகிடும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் 'திருப்பித் தர வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். குரலில் கெஞ்சல் தெரிந்தது.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் ஏழுமலை நல்ல வேகக்காரர். அத்திப்பட்டைத் தாண்டும் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். எண்ணூரை நெருங்கும்போது முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கண்டெய்னர். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள். டிரைவர்கள் இறங்கி, லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். துண்டு விரித்துவிட்டார்கள் என்றால் சீக்கிரத்தில் நகராது என்று பொருள்.

ஒரு மணி நேரம் போனது. வண்டி பத்தடி நகர்ந்தது. இன்னும் அரை மணி. நான் டேங்கர் மேல் ஏறி மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண் வாசனைதான். ஆனால் அதன் ஓரத்தில் லேசாக அழுகின முட்டை. மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டது அவர்களுக்கு. நான் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு தொட்டியை நான் கொன்றாகிவிட்டது. இப்போது இரண்டாவது.

அங்கிருந்து பார்த்தபோதுதான் சாலையோரத்தில் அந்தப் பஞ்சர் கடை தெரிந்தது. வாசலில் டயர் அடுக்கு. பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரெஸர்.

குதித்து ஓடினேன். கடைக்காரர் காதர் பாய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், அவசரமா காத்து வேணும்!"

"எந்த டயரு?"

"டயரு இல்ல பாய். லாரிக்குள்ள கீறவங்களுக்கு. மூச்சு முட்டுது!"

பாய் டியூபைப் போட்டுவிட்டு எழுந்தார். மூடின டேங்கர் லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! உள்ள ஆளுங்களை வச்சா இட்னு வர்ற? எத்தினி பேரு?"

"கோடிக்கணக்குல பாய்!"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பைத்தியத்திடம் வாக்குவாதம் செய்யக்கூடாது என்று நினைத்தாரோ, உயிர் போகிற விஷயம் என்று நினைத்தாரோ, தெரியாது. நீளமான ஹோஸை இழுத்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தார். நான் மேலே ஏறி, ஹோஸின் முனையில் ஒரு கல்லைக் கட்டி, சேற்றின் அடி வரைக்கும் இறக்கினேன். பாய் கம்ப்ரெஸரைப் போட்டார். டேங்கருக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது.

அதற்குள் கூட்டம். நிழலில் படுத்திருந்த டிரைவர்கள் எல்லோரும் துண்டோடு எழுந்து வந்துவிட்டார்கள். லாரிக்குள் ஆள் கடத்துகிறார்கள் என்று யாரோ சொல்ல, போக்குவரத்தைச் சீர்செய்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாய்யா நடக்குது இங்க? உள்ள யாரு?"

"கிருமி சார்," என்றார் ஏழுமலை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி பின்வாங்கியது. கான்ஸ்டபிளும் பின்வாங்கினார். பிறகு காக்கிச் சட்டை ஞாபகம் வந்து, இரண்டடி முன்னால் வந்தார்.

"நோய்க் கிருமியா?"

"இல்ல சார், நல்ல கிருமி! சாக்கடையச் சுத்தம் பண்றவங்க! இங்கயே செத்துட்டாங்கன்னா இந்த ரோடே நாறிடும் சார்!" என்று மேலிருந்து கத்தினேன்.

வேறு எந்த விளக்கமும் அவரிடம் அவ்வளவு வேலை செய்திருக்காது. வாசனை ஏற்கெனவே லேசாகக் கிளம்பியிருந்தது. "அடிய்யா காத்து, அடி!" என்று பாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, லாரிக்கு வழி செய்ய விசிலோடு முன்னால் ஓடினார்.

அப்போது போன் அடித்தது. மேடம். கம்ப்ரெஸர் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு கையில் ஹோஸ், ஒரு கையில் போன். வெயில் மண்டையைப் பிளந்தது. என்ன தோன்றியதோ தெரியவில்லை, தொண்டை கிழியக் கத்தினேன்.

"மேடம்! பினாயில் ஊத்தச் சொன்னது நான்தான் மேடம்! மழையெல்லாம் பேயல மேடம்!"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பாயும் நிமிர்ந்து பார்த்தார். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். பிறகு மேடத்தின் குரல், ஏழேகால் மணிக் குரலிலேயே வந்தது.

"அது எனக்குத் தெரியும். காத்து அடி வரைக்கும் போகுதா?"

"போகுது மேடம்."

"ஹோஸ இடம் மாத்திப் பிடிங்க. ஒரே மூலையில பிடிச்சா மத்தவிய என்ன செய்வாவ?"

மாற்றிப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பாய் கீழிருந்து, "நாத்தம் கண்ண எரிக்குதா மாமு?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் காற்றடித்தோம். முட்டை நாற்றம் அடங்கியது. கான்ஸ்டபிள் பிடித்துக் கொடுத்த சந்தில் ஏழுமலை வண்டியை நுழைத்தார். மூன்றரை மணிக்குக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தோம். மேடம் தொட்டியருகே நின்றிருந்தார். சேற்றை இறக்கும்போது ஒரு கை அள்ளி முகர்ந்தார். தலையை மட்டும் ஆட்டினார். முதல் நாள் பத்தியச் சாப்பாடு மாதிரி கொஞ்சமே கொஞ்சம் கழிவுநீர் விட்டோம். மறுநாள் இன்னும் கொஞ்சம். லைனை ஒரே ஒரு நாள்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஆறாம் நாள் காலை, மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, "மேஸ்திரி வந்துட்டாரு" என்றார்.

வெளிநாட்டுக்காரர் வந்தார், பார்த்தார், தொட்டியையும் பாராட்டிவிட்டுப் போனார். ஜி.எம். சாரும் அன்று முதன்முறையாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். "இதுல யாரு நம்ம பழைய ஸ்டாஃப், யாரு பிஸ்கட் கம்பெனி ஸ்டாஃப்?" என்று கேட்டார்.

பிற்பாடு விசாரணை அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மேடம் திரும்பி வந்த அன்றே கோவிந்தம்மாள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார். நானாகச் சொல்கிறேனா என்றுதான் அவர் காத்திருந்திருக்கிறார். 'பொறுப்பு' என்ற இடத்தில் என் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். மேடம், 'நான் விடுப்பில் போகும்போது எழுத்து மூலமாக உத்தரவு கொடுக்கவில்லை' என்று தன் பெயரை எழுதியிருந்தார்.

"நீங்க சொல்லிட்டுத்தானே மேடம் போனீங்க? தப்பு என்னுது," என்றேன்.

"உங்க பேர எழுதுனா உங்கள அனுப்பிருவாவ. புதுசா ஒருத்தர் வந்து, அவரும் ஒரு தடவ பினாயில் ஊத்தித்தான் படிக்கணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. போயி வேலயப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் கேட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். என்னைத் தேடி யாரோ வந்திருக்கிறாராம், பெயர் சொல்ல மாட்டேன் என்கிறாராம். போய்ப் பார்த்தால் காதர் பாய். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி இருந்தார்.

"நான் காத்து குட்த்தேனே, அவங்கள ஒரு தபா பாக்கணும்," என்றார். "வூட்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேன்றாங்கோ."

மேடத்திடம் கூட்டிப்போனேன். மேடம் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்காரச் சொன்னார். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, குவியம் சரிசெய்து கொடுத்தார். பாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் அசையவே இல்லை.

"வாயத் தொறக்குது… மூடுது…" என்றார் மெதுவாக. "அட! சுருங்கிக்கிச்சு! மறுபடி நிமிர்ந்துடுச்சும்மா!"

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு பெருமை. அதுவரைக்கும் எத்தனையோ ஆயிரம் டயர்களுக்குக் காற்றடித்தவர். மேடம் மேசையிலிருந்த மக்ரூன் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். பாய் அதை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"அடுத்த தபா இவங்கள இட்னு வர்றப்போ, தூரத்துலயே ஆரன் அடி மாமு. டயருக்காரன நிக்க வச்சிட்டு, மொதல்ல இவங்களுக்குக் காத்து புடிச்சி வுடறேன்."